அமாவாசையில் வார்ப்பு வேலை எடுப்பதில்லை

விழுப்புரத்தில் அவரிடம் உடைந்த பொருளைக் கொண்டுபோன எவரும் முதலில் பொய்தான் சொன்னார்கள். அவரும் அதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பார். சைக்கிள் போர்க், கிணற்று உருளை, வண்டி அச்சு என்று எது வந்தாலும் கையில் வாங்கி, உடைந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவர் முகத்தையும் அதே மாதிரி பார்ப்பார். அப்புறம் கேட்பார்.

"ஏன் ஒடைஞ்சுது?"

பதில் சரியாக இல்லாவிட்டால் வெல்டிங் இல்லை. உடைந்த காரணம் தெரியாமல் ஒட்டினால் மறுபடி அங்கேயே உடையும் என்பது அவர் கட்சி. அது உண்மையும்கூட. ஆனால் அவருக்கு அது தொழில் சுத்தம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். காரணம் தெரியாத உடைப்பு அவருக்குப் பல்லில் மாட்டிய நார் போல. எடுக்காமல் சாப்பாடு இறங்காது.

பாண்டி ரோட்டில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் அவருடைய தகரக் கொட்டகை. வாசலில் வெல்டிங் கேஸ் உண்டாக்கும் கார்பைட் டிரம். அதிலிருந்து வரும் நாற்றம் அழுகிய பூண்டு மாதிரி இருக்கும். அந்த நாற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றால் யாருக்கும் உண்மை தானாக வந்துவிடும் என்று எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் சொல்வார். ஊரில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, பெருமைதான்.

"அவங்க ஆளைப் புடிச்சு கேக்கறாங்க. நான் இரும்பைப் புடிச்சு கேக்கறேன். இரும்புக்கு வக்கீல் கெடையாது சார்," என்பார்.

ஆள் குட்டை. கறுப்புக் கண்ணாடி போட்டுப் போட்டுக் கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்திருக்கும். மீசையின் இடது பக்கம் எப்போதும் பொறி பட்டுக் கருகும். வலது பக்கத்தை அதற்குச் சமமாகக் கத்தரிப்பார். அடுத்த வாரம் இடது மறுபடி கருகும். வருஷத் தொடக்கத்தில் பெரிய மீசையாக இருப்பது தீபாவளிக்குள் மூக்குக்குக் கீழே ஒரு பொட்டாக வந்து நிற்கும். அப்புறம் அடியோடு மழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்.

அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அவருக்குக் கெட்ட பெயர் இல்லை, எனக்குத்தான். இருந்தாலும் அவர்களைக் கேட்காமல் எழுதுகிறேன்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஒருவர் முன்போர்க் ஒடிந்த சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

"ஏன் ஒடைஞ்சுது?"

"சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன்ணே. தானா பூடுச்சு."

"நிறுத்தி வெச்ச சைக்கிள்ல போர்க்கு பின்னாடி மடங்கிக்கினு கீது. அப்ப செவுரு ஓடியாந்து மோதிச்சா?"

"நல்லா கேளுங்க," என்றாள் மனைவி. "என்னாண்ட மாடு குறுக்க வந்துச்சின்னாரு."

"மாடுன்னா ரோமம் ஒட்டியிருக்கணும்மா. இதுல சுண்ணாம்பு ஒட்டியிருக்குது. எந்தச் செவுருப்பா?"

அந்த ஆள் மனைவி நிற்கும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தார். கடைசியில், "சுங்கச் சாவடி செவுரு," என்றார்.

சுங்கச் சாவடி பாண்டிச்சேரி எல்லையில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டிப் போய்விட்டு ராத்திரி சாவடிச் சுவரில் மோதுகிறவன் எதற்காகப் போனான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மனைவி சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு விடுவிடு என்று நடந்தாள். புருஷன் பின்னால் ஓடினார். இன்ஸ்பெக்டர் நிம்மதியாகக் கேஸைத் திறந்தார்.

பத்தவைப்பது என்றால் எங்கள் பக்கம் இரண்டு அர்த்தம். அவர் இரண்டையும் ஒரே கையால் செய்தார்.

இன்னொரு சமயம் கோலியனூரிலிருந்து ஒரு மாமியார் இரும்புக் கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். புது மாப்பிள்ளையும் கூட வந்திருந்தான். கட்டிலின் ஒரு கால் ஒடிந்திருந்தது.

"ஏன் ஒடைஞ்சுது?"

"பூனை குதிச்சுதுங்க," என்றாள் மாமியார்.

"பூனையா?"

"ஆமாங்க."

அவர் கட்டில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினி பூனைங்க?"

மாப்பிள்ளை எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா நோட்டீஸை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினான். டீக்கடையில் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பாரம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே எவ்வளவு கனத்துக்கு ஒட்டுவது என்று தெரியும்? கடைசியில் நான்கு காலுக்கும் பட்டை வைத்துக் கொடுத்தார்.

"இனிமே எந்தப் பூனை வந்தாலும் தாங்கும்," என்று மாப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொன்னார்.

அவர் சொன்ன காரணம் எப்போதும் சரி என்று சொல்லமாட்டேன். வளவனூர் வண்டிக்காரர் ஒருவரின் அச்சு உடைந்தபோது, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாய் என்று நாலு பேர் முன்னால் அவரைக் குற்றம் சாட்டிவிட்டார். சில மாதம் கழித்து, அந்த அச்சை அடித்த கொல்லனே அடித்த வேறொரு அச்சு, பாரமே இல்லாமல் உடைந்து வந்தது. உள்ளே இரும்பில் கொப்புளம். உடனே கொட்டகையைச் சாத்திவிட்டு வளவனூர்ச் சந்தைக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் அந்த வண்டிக்காரரைப் பிடித்தாராம்.

"நான் சொன்ன காரணம் தப்பு. உம்மேல குத்தம் இல்ல. இரும்புல ஓட்டை."

வண்டிக்காரருக்கு எதைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. புரிந்ததும், "அட, வுடுங்க இன்ஸ்பெக்டரே. நான் மறந்தே பூட்டேன்," என்றார்.

"வுட முடியாதுப்பா. நாலு பேரு எதிர்ல சொன்னேன். நாலு பேரு எதிர்லதான் வாபஸ் வாங்கணும்."

நாலு பேர் போதவில்லை என்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்க வந்தவர்களையும் கூப்பிட்டுச் சொன்னாராம்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சாமி எப்படி ஒத்துவரும்? கறுப்புச் சட்டைக்காரர்களின் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார். அவர் மனைவி அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். இவர் அன்றைக்குத்தான் சீக்கிரம் கொட்டகையைத் திறப்பார்.

"அமாவாசை எனக்கு நல்ல நாள் சார். பஸ்ஸு ஸ்பிரிங் பட்டை எல்லாம் இன்னிக்குத்தான் ஒடையும். அம்மன் ஒடைக்கல. ஒருத்தர் குந்தற எடத்துல மூணு பேரு குந்தினு போறாங்க. அதான் காரணம்."

"வாயை மூடிக்கினு வேலையைப் பாருங்க," என்பார் மனைவி, பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டே. "ஒங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கினு வர்றேன்."

"எனக்கு வேணாம். பஸ்ஸுக்கு வேண்டிக்கோ."

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் குமாஸ்தா. பி.ஏ. சரித்திரம் படித்திருந்தேன். முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்பா பி.ஏ., வண்டி வந்துச்சா பாரு," என்பார். மில்லில் எது உடைந்தாலும் விழுப்புரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது என் வேலை. அப்படித்தான் இன்ஸ்பெக்டர் பழக்கம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம், மல்லாட்டை மூட்டை மூட்டையாக வந்து குவிந்த நேரத்தில், எஞ்சினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டது. அது வார்ப்பிரும்பு. கனமான சாமான். முதலாளி அதைச் சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்து, "சாயங்காலம் இதோட வா. இல்லன்னா நீயும் வராத," என்றார்.

அன்று அமாவாசை. நிறைந்த நாள் என்று என் அப்பா அன்று சாயங்காலமே ஒலக்கூரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார். விழுப்புரத்தில் மத்தியான பாசஞ்சரைப் பிடித்தால் திண்டிவனம் ஸ்டேஷனில் மில் ஆளிடம் ஹெட்டை இறக்கிவிட்டு அதே ரயிலில் ஒலக்கூர் போய்விடலாம் என்று காலையில் கிளம்பும்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் விரிசலைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எண்ணெய் போடாமல் ஓட்டினோம் என்று நானே ஒப்புக்கொண்டேன்.

"சார் மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலை சுளுவா பூடும்," என்றார். என்னைப் பற்றி அவருக்கு அப்படி ஓர் எண்ணம். படித்தவன், கண்ணாடி போட்டவன், பொய் சொல்ல அவசியம் இல்லாதவன்.

செங்கல் அடுக்கிக் கரி போட்டு, ஹெட்டை உள்ளே வைத்து மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சினார். பிறகு கேஸின் தீ நாக்கால் விரிசலை உருக்கி வார்ப்புக் கம்பியைக் கரைத்து நிரப்பினார். வேலை முடிந்ததும் அப்படியே சாம்பலைக் கொட்டி மூடிவிட்டார்.

"நாளைக்குக் காலைல எடுக்கலாம் சார்."

"நாளைக்கா? இன்றைக்கே வேணுமே."

"வார்ப்பு ரோஷக்காரன் சார். மெதுவா சூடு ஏத்தினா ஏத்துக்குவான். மெதுவாதான் எறக்கணும். திடுக்குனு எறக்கினா வெடிச்சிடுவான்."

அந்த நேரத்தில் ஓர் ஆள் ஓடி வந்தான். மேல்மலையனூர் போகும் பஸ் ஒன்று செஞ்சி ரோட்டில் ஸ்பிரிங் உடைந்து நிற்கிறதாம். இன்ஸ்பெக்டர் சந்தோஷமாகச் சாமான்களை எடுத்துக்கொண்டார்.

"சார், கொஞ்சம் கொட்டகையைப் பாத்துக்கினு குந்தியிருங்க. கோழி, நாய் வந்தா வெரட்டுங்க. சாம்பலை மட்டும் தொடாதீங்க."

நான் குந்தியிருந்தேன். பாசஞ்சர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் அவர் ஒரு கடப்பாரையின் முனையைக் காய்ச்சி அடித்து, தண்ணீர்த் தொட்டியில் சொர்ரென்று முக்கி எடுத்ததைப் பார்த்திருந்தேன். கடப்பாரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. சரித்திரம் படித்தவனின் தர்க்கம் அவ்வளவுதான். சாம்பலை ஓரமாக விலக்கி, ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றினேன்.

ஆவி வந்தது. அது அடங்கியதும் உள்ளேயிருந்து டிங் என்று ஒரு சத்தம். பித்தளை டம்ளரை விரலால் சுண்டினால் வருமே, அப்படி. மிக இனிமையான சத்தம்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று அந்தக் கணமே தெரிந்தது. நனைந்த சாம்பலை அள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினேன். மூலையிலிருந்து காய்ந்த சாம்பலைக் கொண்டுவந்து மூடினேன். கையைக் கழுவிக்கொண்டேன். பஸ் வேலையை முடித்துக்கொண்டு அவர் திரும்பியதும், "நாளைக்கே எடுத்துக்கொள்கிறோம், முதலாளியோடு வருகிறேன்," என்று சொல்லிவிட்டு, தாமதமாக வந்த பாசஞ்சரைப் பிடித்தேன்.

அன்று சாயங்காலம் ஒலக்கூரில் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். பெண் காபி கொண்டுவந்தாள். டம்ளர் தட்டில் இடித்து டிங் என்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மரியாதை தெரிஞ்ச புள்ள," என்றார் பெண்ணின் அப்பா. சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

வார்ப்பு ஆற ஒரு ராத்திரி வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி, மறுநாள் காலை அவர் காரில் போனோம். எங்களைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. டீக்கடைக் கூட்டத்தையும் கூப்பிட்டுக்கொண்டார்.

"மொதலாளி, நான் ஒட்டுன எடம் எதுன்னு தொட்டுக் காட்டிடுங்க. இந்தக் கொட்டகையை ஒங்க பேருக்கு எழுதி வெச்சிடறேன்."

சாம்பலை விலக்கி ஹெட்டை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தார். அவர் ஒட்டிய இடத்தை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பக்கத்தில், ஒரு கோடு குறுக்காக ஓடியதை எல்லோரும் பார்த்தோம். சுத்தியால் தட்டினார். கட்டைச் சத்தம் வந்தது.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஏன் ஒடைஞ்சுது?"

டீக்கடைக் கூட்டம் சிரித்தது. அந்தக் கேள்வியை அவர் ஊரெல்லாம் கேட்டிருக்கிறார். அவரை யாரும் கேட்டதில்லை. அவர் ஹெட்டை இன்னொரு முறை சுத்தியால் தட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான இருந்தீங்க. யாரனா தொட்டாங்களா?"

"இல்லையே."

"கோழி கீழி?"

"ஒன்றும் வரவில்லை."

"சாம்பல் ஒரு பக்கம் கட்டி கட்டியா கீதே."

"பனியாக இருக்கும்," என்றேன்.

எவனுடைய முதல் பதிலையும் நம்பாத மனிதர் என் முதல் பதிலை நம்பினார். "பனி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

முதலாளி மதராஸிலிருந்து புது ஹெட் வரவழைத்தார். திண்டிவனம் முழுக்க, விழுப்புரம் வெல்டரிடம் வார்ப்பு வேலை கொடுக்காதீர்கள் என்று சொன்னார். மில்காரர்கள் அங்கே போவதை நிறுத்திவிட்டார்கள். அது அவருக்கு நஷ்டம்தான். ஆனால் அவரை வாட்டியது அது இல்லை.

நான் வேறு காரணம் சொல்லிக்கொண்டு அடிக்கடி விழுப்புரம் போவேன். போகும்போதெல்லாம் அவர் பரிசோதனையில் இருப்பார். பழைய இரும்புக் கடையிலிருந்து உடைந்த வார்ப்புச் சாமான்களை வாங்கிவந்து, ஒட்டி, சாம்பலில் புதைத்து, வேண்டுமென்றே ராத்திரிப் பனியில் திறந்து வைத்தார். உடையவில்லை.

"இதுவும் ஒடையல சார்," என்றார் துக்கத்தோடு.

பனி இல்லை என்று ஆயிற்று. அடுத்தது கரி. புளியங்கரி, வேலங்கரி, பொம்மையார்பாளையத்திலிருந்து தருவித்த சவுக்குக் கரி. எதிலும் உடையவில்லை. அடுத்தது சாம்பல். மல்லாட்டைத் தோல் சாம்பலைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் மில்லிலிருந்து நானே மூட்டை மூட்டையாக ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னால் முடிந்த பிராயச்சித்தம் அதுதான். அதிலும் உடையவில்லை. ரயில் போகும்போது நிலம் அதிர்வதுதான் காரணமாக இருக்கும் என்று, எக்ஸ்பிரஸ் போகிற நேரம் பார்த்து ஒட்டினார். வார்ப்பு கல் மாதிரி இருந்தது.

உலகத்திலேயே தான் ஒட்டியது உடையவில்லை என்று வருத்தப்பட்ட வெல்டர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மீசையைச் சமமாக வெட்டுவதைக்கூட விட்டுவிட்டார். ஒரு பக்கம் பெரிசும் ஒரு பக்கம் சிறிசுமாக இருந்தது.

"கஞ்சி குடிச்சிக்கினே எழுந்து பூடறாருங்க," என்றார் அவர் மனைவி என்னிடம். "கேட்டா, காத்து எந்தப் பக்கம் அடிச்சிதுன்னு நெனவு வந்துச்சின்றாரு. நீங்க படிச்சவரு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. உண்மை தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் பெண் போகும்.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபின் அவரிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அன்று அமாவாசை. அதை அவர் வாயால் சொல்லவே பல மாதம் ஆயிற்று. கடைசியில் அதையும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று ஓர் அமாவாசையன்று ஒட்டினார். அன்று அவர் அவசர அவசரமாகக் கரி போட்டதாக அவர் மனைவி சொன்னார். சூடு ஏறுவதற்குள் ஒட்டத் தொடங்கினாரோ, என்னவோ, வார்ப்பு உடைந்தது.

மறுநாள் அவர் திண்டிவனத்தில் எங்கள் மில் வாசலில் வந்து நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, முதலாளிக்கு முன்னால் சொன்னார்.

"தப்பு என்னுதுதாங்க. அமாவாசைல வேலை எடுத்துட்டேன். அதான் காரணம்."

முதலாளிக்கு ஏகத் திருப்தி. "நான் அன்னிக்கே நெனச்சேன் வெல்டரே. நாத்திகம் பேசினா இப்படித்தான்," என்றார். மில் வேலை எல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. முன்னைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. கொட்டகையில் ஒரு தகரப் பலகை ஏறியது: அமாவாசையில் வார்ப்பு வேலை எடுப்பதில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அமாவாசைக்கு அமாவாசை அவர் மனைவியோடு மேல்மலையனூர் பஸ்ஸில் போனார். மனைவிக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"பஸ்ஸுல பேசாம வர்றாருங்க," என்றார். "இவரு வையாம நான் சாமி கும்பிட்டதே இல்ல. எனக்கு பயமா கீது."

எனக்கும் ஒன்று உறைத்தது. அவர் கேட்பதை விட்டுவிட்டார். உடைந்ததைக் கொண்டுவந்தவர்கள் பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர் வாங்கிக் கீழே வைத்து, "நாளைக்கு வாங்க," என்பார். சொல்ல வந்த பொய்யைச் சொல்லாமலே அவர்கள் திரும்பிப்போனார்கள். டீக்கடையில் வியாபாரம் குறைந்தது.

சில வருஷங்கள் போயின. எனக்கு இரண்டு பிள்ளைகள். மில்லில் மானேஜர் ஆகியிருந்தேன். ஒருநாள் விழுப்புரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது என் மனைவி எதற்கோ சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் காபி குடுத்தப்ப எதுக்கு எழுந்து நின்னீங்க? எங்க அப்பா இன்னும் அதை ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருக்கறாரு."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தக் கடை எங்க இருக்குது?" என்றாள்.

இருவரும் போனோம். இன்ஸ்பெக்டர் எழுந்து பெஞ்சியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சார். தங்கச்சி, குந்தும்மா." நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒரு சொம்பு தண்ணீர், நான்தான் ஊற்றினேன், பனி இல்லை, அமாவாசையும் இல்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவது போல உற்றுப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் ஊத்துனீங்க?"

"இடது பக்கம்."

"சொம்பு ரொம்பவா?"

"ரொம்ப."

"சத்தம் வந்துச்சா? டிங்குன்னா, டொக்குன்னா?"

"டிங் என்று."

"அதான்," என்றார். தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏ, இங்க வாடி. காரணம் கெடைச்சிடுச்சு. சார் தண்ணி ஊத்திட்டாராம். டிங்குன்னுச்சாம்." அவர் மனைவி ஓடி வந்து, அவர் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார், காரணம் தெரியாமலே.

கோபம் என்ற ஒன்று அவருக்குத் தோன்றவே இல்லை. பல்லில் இருந்த நார் வந்துவிட்டது, அவ்வளவுதான். பலகையைக் கழற்ற ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நாளைக்கு மொத பஸ்ஸுல திண்டிவனம் போறேன் சார். மொதலாளி எதிர்ல சொல்லிடணும். நான் சொன்ன காரணம் தப்பு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து நான் பேசியதைத்தான் இத்தனை வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றியது பதற்றத்தில் செய்தது. இது யோசித்துச் சொன்னது. வேண்டாம் என்றேன். முதலாளி என்னை நம்பி மில்லையே விட்டிருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்களுக்கும் இப்போது வேலை நன்றாகத்தானே வருகிறது என்றேன்.

அவர் ஸ்டூலின் மேல் நின்றபடி கேட்டார்: "அப்ப நான் இன்னா காரணம் சொல்றது?"

"இருக்கிறதே இருக்கட்டும்."

என் மனைவி எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் பார்த்தார். ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

அவர் இறந்து வெகுகாலமாகிறது. அவரிடம் வேலை பார்த்தவர்கள் திண்டிவனத்திலும் ஒலக்கூரிலும் பட்டறை வைத்தார்கள். அந்தப் பட்டறைகளில் இன்றைக்கும் அமாவாசையன்று வார்ப்பு எடுப்பதில்லை. நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "பெருசு, இது தொழில் ரகசியம், ஒனக்குத் தெரியாது," என்கிறார்கள்.

நானும் மனைவியும் அவரிடம் போன அன்று, நாங்கள் புறப்படுவதற்குள் ஒருவன் பம்ப் மூடி ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான். வார்ப்பு. மறுநாள் அமாவாசை. அவன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏங்க, அமாவாசைக்கு இன்னா?" என்றான்.

இன்ஸ்பெக்டர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"அது வந்துப்பா, அமாவாசைல சூரியனும் நிலாவும் ஒரே பக்கமா நின்னுக்கினு இழுக்குது. பொம்மையார்பாளையம் போய்ப் பாரு, கடலே மேல ஏறி வரும். கடலை இழுக்கறது, காய்ச்சின இரும்பைச் சும்மா வுடுமா?"

அந்த ஆள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று மூடியை மறுபடி சாக்கில் கட்டிக்கொண்டு போனான்.

அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. என்னைவிட நன்றாகச் சொன்னார்.